பட்டறையும் பாடசாலையும் – 12: ஆண்டறிக்கைக்குள் அடங்காத சாதனை

பொறியியல் கல்வி நிறுவனம் ஒன்றின் வரலாற்றை எழுத உட்காருபவர் கைக்கு முதலில் கிடைப்பவை அதன் ஆண்டறிக்கைகள். ஆண்டு விழா மேடையில் முதல்வர் வாசித்து, பிறகு மலரில் அச்சேறும் அந்த அறிக்கையின் வரிசை எல்லா ஊரிலும் ஏறத்தாழ ஒன்றுதான். தேர்ச்சி விழுக்காடு, மாநில அளவில் இடம் பிடித்தவர்கள், வளாக நேர்காணலில் வேலை பெற்றவர்கள், ஆசிரியர்களின் ஆய்வுக் கட்டுரைகள், என்.எஸ்.எஸ். முகாம்கள், விளையாட்டுக் கோப்பைகள், கடைசியில் நன்றி. இவை எதுவும் பொய்யல்ல. ஒவ்வொன்றும் உழைத்துப் பெற்றது. ஆனால் சென்னையின் மேற்குப் புறநகருக்கு வந்து நிற்கும்போது இந்த அறிக்கைகள் ஆதாரமாகப் போதவில்லை. பாடியில் தொடங்கி அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று பரவும் இந்த வட்டாரத்தில் அரசுப் பொறியியல் கல்லூரி என்று ஒன்று இன்றுவரை கிடையாது. ஆனால் இரும்பை அறுக்கவும் கடையவும் இணைக்கவும் தெரிந்த கைகள் இவ்வளவு நெருக்கமாகக் கூடியிருக்கும் இடங்கள் தமிழ்நாட்டில் அதிகமில்லை. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு முடிவுக்கு வரவேண்டியிருக்கிறது. பொதுப்பணத்தில் நடக்கும் தொழில்நுட்பக் கல்வியின் சாதனை, மாணவர் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வெளியேறும் ஆண்டில் தெரிவதில்லை. பத்து, இருபது, சில சமயம் நாற்பது ஆண்டு கழித்து, வேறொரு நிறுவனத்தின் பெயரில், ஒரு வட்டாரத்தின் தொழில் வலிமையாக அது வெளிப்படுகிறது. அதை எப்படி நிறுவுவது என்பதுதான் இந்தப் பகுதியின் வேலை.

முதல் சாட்சி காலவரிசை. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியது இந்த வட்டாரத்தின் வழியாகத்தான். இரண்டாம் உலகப் போரின்போது ஆவடி ராணுவக் கிடங்காயிற்று. பட்டாபிராம் மிலிட்டரி சைடிங் என்ற நிலையப் பெயர் அந்த ராணுவத் தொடர்பைச் சொல்கிறது. 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் ஆரம்பமானது. இவ்வளவு நடந்தும், 1955இல் இது பெரும்பாலும் ஏரிப் பாசனத்தை நம்பிய செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமப்புறமாகவே இருந்தது. அந்த ஜனவரியில் யு.என். தேபர் தலைமையில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச மாதிரி சமுதாயமே இலக்கு என்று தீர்மானம் போட்டது. மாநாட்டுத் திடலுக்குச் சத்தியமூர்த்தி நகர் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் இடத்தோடு ஒட்டிக்கொண்டது. இரண்டே ஆண்டில், 1957இல், முருகப்பா பாலிடெக்னிக் ஆவடியில் திறக்கப்பட்டது. அதன் அஞ்சல் முகவரி இன்றும் சத்தியமூர்த்தி நகர்தான். மாநிலத்தில் தொழில்நுட்பக் கல்விக்கென்று தனி இயக்ககம் ஏற்பட்டதும் அதே 1957இல். டாங்க் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை ஆவடிக்கு வந்தது 1961இல். லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் ஆகியவை பாடியில் வேர்விட்டது 1960களின் முதல் சில ஆண்டுகளில். ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவானதும் அந்தப் பத்தாண்டில்தான். ஆக, டி.ஐ. போன்ற ஓரிரண்டைத் தவிர்த்தால், இங்கே பள்ளிக்கூடம் முன்னே வந்தது, ஆலைகள் பின்னே வந்தன. ஆலைகள் பெருகியபின் ஆள் தேவைப்பட்டுப் பாலிடெக்னிக் முளைத்தது என்ற வழக்கமான கதை ஆவடிக்குப் பொருந்தவில்லை.

முருகப்பா குழுமத்தின் அறக்கட்டளை தொடங்கிய ஒன்றைப் பொது நிறுவனம் என்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தமிழ்நாட்டில் அரசு உதவி பெறும் கல்லூரி என்ற ஏற்பாட்டைப் புரிந்துகொண்டால் பதில் கிடைக்கும். இடமும் கட்டடமும் நிர்வாகமும் அறக்கட்டளையுடையவை. உதவி பெறும் பாடப்பிரிவுகளில் ஆசிரியர் சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து வருகிறது. கட்டணமும் இட ஒதுக்கீடும் அரசு விதிப்படி. எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பையன், பொறியியல் பட்டத்துக்குப் படிக்க வைக்க வீட்டில் வசதி இல்லாதவன், மூன்றே ஆண்டில் டிப்ளமோ வாங்கிக்கொண்டு சூப்பர்வைசராகவோ டிராஃப்ட்ஸ்மேனாகவோ வேலைக்குப் போக முடிந்தது இந்த ஏற்பாட்டால்தான். முதலாளிக்குத் தேவையான ஆள் கிடைத்தான் என்பதும் உண்மை, ஏழை வீட்டுக்கு மாதச் சம்பளம் வந்தது என்பதும் உண்மை. ஒன்று மற்றதைப் பொய்யாக்குவதில்லை. 1957இன் சென்னை மாநிலத்தில் அரசு தனியாகவும் தனியார் தனியாகவும் செய்ய முடியாத ஒன்றை இரண்டும் சேர்ந்து செய்தன என்பதே என் கணிப்பு. நிறுவனம் எவர் பெயரில் இருக்கிறது என்பதைவிட, யார் பணத்தில் யாருக்குக் கதவு திறந்தது என்பதை வைத்தே அதைப் பொது என்கிறேன்.

அங்கே என்னதான் கற்றார்கள் என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஃபிட்டிங் ஷாப்பில் முதலாண்டு மாணவர் கையில் கொடுக்கப்படுவது ஒரு மைல்டு ஸ்டீல் பட்டைத் துண்டு. அதை வைஸில் இறுக்கி, அரத்தால் ராவி, ஒரு பக்கத்தை முதலில் சமதளமாக்க வேண்டும். ட்ரை ஸ்கொயரை அதன்மேல் நிறுத்தி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால், விளிம்புக்குக் கீழே கீற்றாக ஒளி கசியும். கசியும் இடம் பள்ளம், கசியாத இடம் மேடு. மேட்டை மட்டும் இரண்டு தேய்ப்பு ராவி மறுபடி தூக்கிப் பார்க்க வேண்டும். அடுத்த பக்கம் இதற்குச் செங்குத்தாக வரவேண்டும். ஒன்றைத் திருத்தப்போய் மற்றது கெடும். வெர்னியரில் 0.02 மில்லிமீட்டர்வரை அளக்கலாம், மைக்ரோமீட்டரில் 0.01. ஆனால் கருவி எடுக்கும் முன்பே கைக்கும் கண்ணுக்கும் எங்கே பிசகு என்று தெரிய ஆரம்பிப்பதுதான் அந்தப் பல வார உழைப்பின் பயன். முடிவில் மாஸ்டர் அந்த ஜாபை வாங்கிப் பார்த்து மதிப்பெண் போட்டுவிட்டு ஓரமாகப் போட்டுவிடுவார். அந்த இரும்புத் துண்டுக்குச் சந்தையில் பத்துப் பைசா மதிப்பில்லை. ஆண்டறிக்கையில் அது ஏறுவதற்கு வழியே இல்லை. என்றாலும், டிராயிங்கில் எழுதப்பட்ட அளவுக்கும் கையிலிருக்கும் பொருளுக்கும் உள்ள இடைவெளியைச் சகித்துக்கொள்ள முடியாத ஒரு மனப்பழக்கம் அங்கேதான் உண்டாகிறது. பின்னால் வரும் எல்லாம் அந்தப் பழக்கத்தின்மேல் கட்டப்பட்டவை.

இதற்கு வரும் முதல் ஆட்சேபம் வலுவானது. ஆலைகள் தங்கள் ஆட்களைத் தாங்களே பயிற்றுவித்துக்கொண்டன, பள்ளிக்கூடத்துக்கு எதற்குப் பெருமை? டாங்க் ஃபேக்டரியிலும் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையிலும் சொந்தப் பயிற்சிக்கூடங்கள் இருந்தன, பாடியின் பெரிய கம்பெனிகளும் அப்ரண்டிஸ்களை எடுத்துத் தயார் செய்தன. மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பயிற்சிக்கு அடித்தளமே பொதுச் சட்டம்தான். 1961ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டம், குறிப்பிட்ட தொழில்களில் நிறுவனங்கள் பழகுநர்களை எடுத்தே ஆகவேண்டும் என்று கடமையாக்கியது. 1973இல் அது திருத்தப்பட்டு டிப்ளமோ, பட்டப் படிப்பு முடித்தவர்களும் உள்ளே வந்தார்கள். அவர்களுக்கான உதவித்தொகையில் பாதியை மத்திய அரசே ஏற்றுக்கொண்டது. அதாவது கம்பெனியின் பயிற்சிக்கூடத்துக்கு வந்தவர் ஏற்கெனவே ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ பொதுச் செலவில் பாதி தூரம் நடந்து வந்தவர். மீதித் தூரத்துக்கும் பொதுச் செலவில் ஒரு பங்கு உண்டு. இதைவிட முக்கியமானது அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின், அதாவது எஸ்டேட்டின், நிலைமை. இரண்டு லேத், ஒரு மில்லிங் மெஷின், ஒரு டிரில்லிங் மெஷின் வைத்துப் பெரிய கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செய்யும் பட்டறைக்குப் பயிற்சிக்கூடம் வைக்க வழியில்லை. அங்கே வேலைக்குச் சேருபவர் முதல் நாளே டிராயிங் படிக்கத் தெரிந்தவராக இருந்தாக வேண்டும். பெரிய ஆலைகளை மட்டும் பார்ப்பவருக்குப் பொதுக் கல்வி இரண்டாம்பட்சமாகத் தோன்றலாம். சிறு பட்டறைகளைச் சேர்த்துப் பார்த்தால் அது இல்லாமல் எஸ்டேட்டே இல்லை.

இன்னொரு ஆட்சேபம் பொருளாதாரம் தெரிந்தவர்களிடமிருந்து வருகிறது. ரயில் இருந்தது, மலிவான நிலம் இருந்தது, துறைமுகம் பக்கம், இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்ததால் உள்நாட்டுச் சந்தை உறுதி. இவைதான் காரணம், கல்வி தற்செயல் என்பார்கள். காமராஜர் ஆட்சியில் தொழில் அமைச்சராக இருந்த ஆர். வெங்கட்ராமன் தொழிற்பேட்டைகளுக்குக் கொடுத்த உந்துதலையும் இந்தப் பட்டியலில் சேர்க்கலாம். இவை ஆலைகள் இங்கே வந்ததை விளக்குகின்றன. இறக்குமதிக் கட்டுப்பாடு நீங்கத் தொடங்கிய 1991க்குப் பிறகும் அவை ஏன் நின்றன என்பதை விளக்கவில்லை. பாதுகாப்பு வேலி அகன்றபின், சந்தைக்கு வந்த வெளிநாட்டுக் கார் கம்பெனிகளின் தர அளவுகோலுக்கு ஈடுகொடுக்க வேண்டியிருந்தது. அந்தச் சோதனையில் பாடி என்ன செய்தது என்பதற்கு உலகறிந்த ஒரு சான்று உண்டு. 1998இல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, இந்திய நிறுவனங்களிலேயே முதலாவதாக, தர மேலாண்மைக்கான ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. 2002இல் அதே பிரிவு ஜப்பான் தரப் பதக்கத்தையும் பெற்றது. டெமிங் பரிசுக்கான ஆய்வில் நிர்வாக அறையின் திட்டங்கள் மட்டும் பார்க்கப்படுவதில்லை. மெஷின் முன் நிற்பவர் தன் பீஸ்களை அளந்து வரைபடத்தில் குறித்து, அளவு எல்லையை நோக்கி நகர்வதைத் தானே கண்டுபிடித்து நிறுத்துகிறாரா என்பதும் பார்க்கப்படுகிறது. புள்ளியியல் படித்த மேலாளர்களால் மட்டும் இது நடக்காது. கம்பெனியின் நிர்வாகத் திறமைக்கு உரிய பெருமையைக் குறைக்காமலே இதைச் சொல்லலாம்: அளவுப் பிசகைப் பிசகாக உணரும் ஆட்கள் முப்பது நாற்பது ஆண்டாக அந்த வட்டாரத்தில் உருவாகாமல் இருந்திருந்தால், எந்த ஜப்பானிய முறையும் பாடி மண்ணில் பிடித்திருக்காது. 1960களின் எந்தப் பாலிடெக்னிக் அறிக்கையிலும் 1998இன் பரிசு இடம்பெற்றிருக்க முடியாது. ஆனால் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

ஆவடியின் டாங்க் வரலாறு இந்த வாதத்துக்குத் துணையும் செய்கிறது, அதன் எல்லையையும் காட்டுகிறது. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பை வைத்து 1965 டிசம்பரில் ஆவடியிலிருந்து முதல் விஜயந்தா டாங்க் வெளிவந்தது. தொழிற்சாலை தொடங்கி ஐந்து ஆண்டுக்குள். ஆரம்பத்தில் பிரிட்டனிலிருந்து வந்த பாகங்கள் படிப்படியாகக் குறைந்து, 1980கள் வரை சுமார் 2,200 விஜயந்தாக்கள் உருவாயின. பிறர் வரைந்த டிராயிங்கைத் துல்லியமாகப் பொருளாக்கும் வேலையில் இந்த வட்டாரம் சளைக்கவில்லை. சொந்தமாக வடிவமைக்கும் வேலை வேறு கதை. அர்ஜுன் டாங்க் திட்டத்துக்கு 1974இல் ஒப்புதல் கிடைத்தது. 1976இல் போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம் ஆவடியில் அமைந்தது. ராணுவத்துக்கு முதல் தொகுதி போனது 2004இல். முப்பது ஆண்டு. அப்போதும் எஞ்சின் ஜெர்மனியின் எம்.டி.யு. உடையது. இதைக் காட்டி, பொதுத்துறை ஆராய்ச்சியே வீண் என்பவர்கள் உண்டு. தாமதத்தை நியாயப்படுத்த நான் வரவில்லை. அது பாடம் கற்கவேண்டிய தாமதம்தான். ராவத் தெரிந்த கை, கியர் பல்லின் உலோகம் ஏன் களைத்து உடைகிறது என்ற கேள்விக்குத் தானாகப் பதில் சொல்லிவிடாது. அதற்கு உலோகவியல், வெப்ப இயக்கவியல், கட்டுப்பாட்டுப் பொறியியல் என்று நீண்டகால ஆய்வு வேண்டும். கிண்டிக் கல்லூரியும் 1959இல் வந்த ஐ.ஐ.டி.யும் போன்றவை ஆவடியோடு நெருங்கிப் பேச வேண்டும். அந்தப் பேச்சு பல பத்தாண்டுகள் மெலிந்தே இருந்தது என்பது என் எண்ணம். ஆனால் திட்டம் அங்கேயே நின்றுவிடவில்லை. 2021 செப்டம்பரில் 118 அர்ஜுன் எம்.கே-1ஏ டாங்குகளுக்கு ரூ. 7,523 கோடியில் ஆவடித் தொழிற்சாலைக்கே ஆர்டர் வந்தது. 2024 மார்ச் 20 அன்று, உள்நாட்டிலேயே வடிவமைத்த 1,500 குதிரைத்திறன் எஞ்சின் மைசூரில் உள்ள பி.இ.எம்.எல். கூடத்தில் முதல் முறையாக இயக்கிப் பார்க்கப்பட்டது. 1974க்கும் 2024க்கும் நடுவே ஐம்பது ஆண்டறிக்கைகள் போயிருக்கும். அவற்றில் எந்த ஒரு ஆண்டைத் தனியாக எடுத்து மதிப்பிட்டாலும் தோல்வி என்றே எழுதியிருப்போம்.

சாதனையை ஆண்டுக்கணக்கில் அளக்கும் பழக்கம் இன்று இன்னும் இறுகியிருக்கிறது. 2016 முதல் மத்திய அரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் பொறியியலில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் தொடர்ந்து முதலிடம். தகுதியான முதலிடம், சென்னைக்காரர்கள் மகிழ வேண்டியதுதான். ஆனால் அந்த மதிப்பீட்டின் கூறுகளைப் பாருங்கள். கற்பித்தலும் வசதிகளும் 30 விழுக்காடு, ஆய்வு 30, மாணவர் தேர்ச்சி வேலைவாய்ப்பு முதலியவை 20, பரவலான சேர்க்கை 10, கல்வியாளரும் வேலை கொடுப்போரும் வைத்திருக்கும் மதிப்பு 10. சுற்றுவட்டாரத் தொழிலுக்கு அந்த நிறுவனம் என்ன செய்தது என்பதற்குத் தனிக் கூறு கிடையாது. பாலிடெக்னிக்குகளுக்கு அந்தத் தரவரிசையில் பிரிவே இல்லை. எண்ணாத ஒன்றுக்குப் பணமும் கவனமும் வருவது கடினம் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். உடனே ஒரு மறுப்பு எழும்: எண்களை விட்டுவிட்டால் சோம்பல் நிறுவனங்கள் நீண்டகாலப் பயன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளாதா? தப்பித்துக்கொள்ளும். பொதுப்பணம் வாங்குகிறவர் ஆண்டுதோறும் கணக்குச் சொல்லத்தான் வேண்டும். நான் கேட்பது எண்ணை நீக்குவதல்ல, கூடுதலாக ஒரு எண். பத்து ஆண்டுக்கு முன் வெளியேறியவர்களில் எத்தனை பேர் அந்தத் தொழிலிலேயே இருக்கிறார்கள், எத்தனை பேர் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறார்கள், அவர்களிடம் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்பதையும் அறிக்கை சொல்லட்டும். முதல் மாதச் சம்பளத்தைவிட இதைப் பொய்யாக்குவது கடினம்.

இதெல்லாம் பழங்கதை, இப்போது டிப்ளமோ முடித்தவர் பட்டறைக்கா போகிறார் என்ற கேள்வியைக் கடக்காமல் இருக்க முடியாது. 1984இல் தனியார் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது. 1990களிலிருந்து பூந்தமல்லி, ஆவடி சாலைகளை ஒட்டி அவை வரிசையாக எழுந்தன. டிப்ளமோ முடித்தவர் நேரடியாக பி.இ. இரண்டாமாண்டில் சேரலாம் என்ற வசதி, பலருக்குப் பாலிடெக்னிக்கைப் பட்டத்துக்கான படிக்கட்டாக்கிவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டிலேயே பழைய ஆலை இடங்கள் மென்பொருள் அலுவலகங்களாக மாறியிருக்கின்றன. ஒரு குடும்பம் மேலே ஏறுவதைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஏறுவதற்காகத்தான் பொதுக் கல்வியே. ஆயினும் தேவை மறையவில்லை என்பதற்கு அரசின் செலவே சான்று. டாட்டா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களை ரூ. 2,877 கோடியில் நவீனப்படுத்தத் தமிழக அரசு முடிவெடுத்தது, சி.என்.சி., ரோபோ போன்றவற்றை இயக்கவும் பழுதுபார்க்கவும் ஆள் வேண்டும் என்பதால்தான். அம்பத்தூர் உற்பத்தியாளர் சங்கமான அய்மா, ஆக்மி என்ற மெஷின் டூல் கண்காட்சியை இரண்டாண்டுக்கு ஒருமுறை நடத்திவருகிறது. அங்கே விற்பனைக்கு வரும் ஐந்து அச்சு மெஷினிலும் டூல் தேய்ந்திருப்பதை வெட்டும் சத்தத்திலும் உலோகச் சுருளின் நிறத்திலும் கண்டுபிடிக்கும் ஆபரேட்டர் இல்லாமல் பீஸ் சரியாக வராது. அரம் போய்த் திரை வந்திருக்கிறது, பிசகைப் பொறுக்காத பழக்கத்தை மூன்று ஆண்டில் ஊட்ட வேண்டிய பொறுப்பு போகவில்லை.

இந்த வாதத்தை முழுதாக நிரூபிக்கவோ முறியடிக்கவோ கூடிய ஆவணங்கள் சென்னையிலேயே மூன்று அலுவலகங்களைச் சேர்ந்தவை. டிப்ளமோ பெற்றவர்களின் பதிவேடு தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தைச் சேர்ந்தது. 1973க்குப் பின் டிப்ளமோ பழகுநர்களோடு நிறுவனங்கள் செய்துகொண்ட ஒப்பந்தங்கள், சட்டப்படி, தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தில் பதிவாக வேண்டியவை. அம்பத்தூர் எஸ்டேட்டின் மனைகள் யாருக்குப் போயின என்பது சிறுதொழில் வளர்ச்சிக் கழகமான சிட்கோவின் ஒதுக்கீட்டுக் கோப்புகளுக்கு உரியது. இந்த மூன்றையும் பெயர் வாரியாக ஒட்டிப் பார்த்தால், ஆவடியில் 1970களில் டிப்ளமோ வாங்கிய ஒருவர் பாடியில் பழகுநராக இருந்து, எந்த ஆண்டில் எஸ்டேட்டில் சொந்தமாக ஷெட் எடுத்தார் என்று ஒவ்வொருவராகத் தொடர முடியும். பாலிடெக்னிக் மாணவர்களே இறுதியாண்டு புராஜெக்டாக எடுத்துச் செய்யக்கூடிய வேலை அது. பழைய காகிதங்கள் செல்லரிக்கும் முன் இயக்ககம் அதற்கு அனுமதி கொடுக்க வேண்டும். அந்தத் தலைமுறை டிப்ளமோக்காரர்களில் மூத்தவர்களுக்கு இப்போது எழுபதைத் தாண்டிய வயது.

(தொடரும்)